பனி, காட்டெருமை, காப்பிப் பழம்: ஒரு கோட்டோவியப் படக்கதை உருவான விதம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கும் சிறிய நூலகம் ஒன்றுக்காக 24 பக்கப் படக்கதைப் புத்தகம் தயாரித்தோம். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. படங்கள் எல்லாமே கோட்டோவியம். கருப்பு மை, கூடவே ஒரே ஒரு சிவப்பு. வரைந்தவர் சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்த இளம் ஓவியர். பக்கம் பிரிப்பது, பிள்ளைகளிடம் படித்துக் காட்டுவது, அச்சகத்தோடு பேசுவது எல்லாம் என் பங்கு. முதல் டம்மிக்கும் (அச்சுக்கு முன் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம்) அச்சான புத்தகத்துக்கும் நடுவே என்னென்ன மாறியது, ஏன் மாறியது என்று இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்காக வரையத் தொடங்கும் ஓவியர்களுக்கும், படப்புத்தகம் போட நினைக்கும் சிறு பதிப்பாளர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்களுக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கோடுகளை நிழல் என்று எடுத்துக்கொள்ள நம் கண் பழகியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு கோடும் ஒரு பொருள். கயிறு, முடி, கீறல், மழை, கண்ணீர், ஏதோ ஒன்று. இந்தப் புத்தகத்தில் நாங்கள் எடுத்த பெரிய முடிவுகள் அத்தனையும் இதிலிருந்து பிறந்தவை.

கதையும் பக்கங்களும்

கதை எளியது. அரையாண்டு விடுமுறையில் சேலத்துச் சிறுமி ஒருத்தி பஸ் ஏறி ஏற்காட்டில் இருக்கும் ஆயா (பாட்டி) வீட்டுக்குப் போகிறாள். ஆயாவோடு காப்பித் தோட்டத்துக்குப் போகிறாள். பனி இறங்குகிறது. பாதையில் காட்டெருமை நிற்கிறது. இரண்டு பேரும் அசையாமல் காத்திருக்கிறார்கள். அது போன பிறகு வீடு திரும்புகிறார்கள். காப்பி பறிப்பும் பனியும் ஒன்றாக வரும் காலம் டிசம்பர் என்பதால் அரையாண்டு விடுமுறை பொருந்தி வந்தது.

மலையிலேயே வளரும் பிள்ளைகளுக்குக் கீழேயிருந்து வரும் ஒருத்தியை ஏன் கதாநாயகியாக்க வேண்டும் என்று நூலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் காரணம் இது: மலைப்பிள்ளைகளுக்கு அவளைவிட அதிகம் தெரியும். பனிக்குள் தெரியும் வளைவு கொம்பா கிளையா என்று அவள் யோசிப்பதற்குள் இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கதாபாத்திரத்துக்குத் தெரியாததைப் படம் வாசகருக்குக் காட்டிக்கொடுக்கும்போது பிள்ளைகள் புத்தகத்தை விடவே மாட்டார்கள். எழுத்து மட்டும் இருந்தால் இதை இவ்வளவு லேசாகச் செய்ய முடியாது.

பக்கங்களை இப்படிப் பிரித்தோம். 11-ஆம் பக்கம் வரை சேலம்: வீடு, ஆயாவுக்கு எடுத்துப்போகும் தட்டுவடைப் பொட்டலம், பஸ் நிலையத்துக் கூட்டம், ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு, அடிவாரம். 12, 13-இல் மலைச்சாலை. 14-இலிருந்து மலை. நடைக்கும் ஒரு திசை வைத்தோம். போகும்போது எல்லாரும் இடமிருந்து வலமாக, பக்கம் புரளும் திசையில் நகர்கிறார்கள். திரும்பும்போது மட்டும் வலமிருந்து இடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று புரிந்துகொள்ள இது உதவுகிறது.

ஏன் கோட்டோவியம்? செலவு ஒரு காரணம். நான்கு நிற அச்சுக்கும் உயர்ந்த தாளுக்கும் நூலகத்திடம் பணம் இல்லை. ஆனால் பணம் இருந்திருந்தாலும் நான் கோட்டோவியத்தையே கேட்டிருப்பேன். வண்ணம் தீட்டிய படத்தைப் பார்க்கும் பிள்ளை ரசிக்கிறது. கோட்டுப் படத்தைப் பார்க்கும் பிள்ளை பென்சிலை எடுக்கிறது. தன் கையிலும் இருக்கும் கருவிதான் இந்தப் படத்தை வரைந்தது என்று அதற்குத் தெரிகிறது.

தமிழில் இதற்கு நல்ல மரபும் உண்டு. பழைய வார இதழ்கள் மலிவான தாளில் ஓடின. துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த லைன் பிளாக்குகள் அந்தத் தாளிலும் தெளிவாக விழும், செலவும் குறைவு. புகைப்படம் போலச் சாயல் மாறும் படங்களுக்கு நுண்புள்ளி பிளாக்கும் நல்ல தாளும் வேண்டியிருந்தது. ஆக, கருப்புக் கோட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த ஓவியர்கள் ஒரு தலைமுறையே உருவானார்கள். கோபுலு (1924–2015) நாலு கோட்டில் ஒரு மாமியின் கோபத்தைக் கொண்டுவந்துவிடுவார். அம்புலிமாமாவில் சங்கர் என்ற பெயரில் வரைந்த கே. சி. சிவசங்கரனும் (1924–2020) அதே ஆண்டில் பிறந்தவர்தான். எங்கள் ஓவியர் பள்ளிக் காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து வரைந்து பழகியது சில்பியை (1919–1983). சில்பி பிறந்த நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். கோயில் சிற்பங்களை அவர் வரைந்ததைப் பார்த்தால், மெல்லிய கோடுகளை அடுக்கியே கல்லின் வழவழப்பையும் பொரிந்த இடத்தையும் பிரித்துக் காட்டியிருப்பார். அந்தக் கையோடுதான் எங்கள் ஓவியர் இந்த வேலைக்கு வந்தார்.

முதல் டம்மியைப் பிள்ளைகள் படித்தபோது

முதல் டம்மி அழகாக இருந்தது. பெரியவர்கள் யாரிடம் காட்டினாலும் பாராட்டினார்கள். சிறுமியின் கன்னத்தில் மெல்லிய சாய்கோடுகள், ஆயாவின் முகத்தில் சுருக்கங்கள், எருமையின் உடம்பு முழுக்கக் குறுக்குக்கோட்டு நிழல், பனிக்கு நீளமான படுக்கைக்கோடுகள்.

ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து நூலகத்துக்குக் கொண்டுபோனோம். எழுத்தைப் படித்துக் காட்டாமல் படத்தை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லவைத்தோம். சிறுமியின் கன்னத்தைத் தொட்டு ஒரு பையன், “இந்தப் பாப்பாவப் பூன பிறாண்டிருச்சாக்கா?” என்று கேட்டான். ஆயாவைப் பார்த்ததும் இன்னொரு குழந்தை, “ஆயா ஏன் அழுவுது?” என்றாள். கண்ணுக்குக் கீழே இறங்கிய சுருக்கக் கோடுகளை அவள் கண்ணீராகப் படித்திருந்தாள். பனிப்பக்கத்தில் ஒருமித்த குரலில் “மழ!” என்றார்கள். படுக்கைக்கோடு எப்படி மழை என்று கேட்டதற்கு, காற்றடித்தால் மழை அப்படித்தான் பெய்யும் என்று விளக்கமும் வந்தது. எருமையைக் கரடி என்றவர்கள் பாதிப் பேர்.

பிள்ளைகளுக்குப் படம் புரியவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் மிகக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். தாளில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் கதைக்குள் ஓர் இடம் தேடியிருக்கிறார்கள். சில்பியின் கோடுகள் கல்லின் மேல் நிற்பவை. கல்லுக்குப் பரப்பு உண்டு, கோடு அந்தப் பரப்பைச் சொல்கிறது. அதே கோட்டைக் குழந்தையின் கன்னத்தில் போட்டால் கன்னத்தின் மேல் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாகிறது.

ஓவியர் ஒரு விதி வகுத்துக்கொண்டார். மனித முகத்திலும் கையிலும் நிழல் கிடையாது, புறக்கோடு மட்டும். அடுக்குக்கோடுகள் வேண்டுமானால் உண்மையிலேயே கோடு கோடாக இருக்கும் பொருளில் மட்டும் வரும்: கூடைப் பின்னல், ஸ்வெட்டர், ஓட்டுக் கூரை, மரப்பட்டை. இந்த ஒரு விதியால் படங்களில் இருந்த கோடுகள் கணிசமாகக் குறைந்தன.

ஆயாவின் வயதை முகத்தில் காட்ட முடியாதென்றால் வேறு எங்கே காட்டுவது? தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களை உட்கார்ந்து பார்த்து, ஓவியர் நோட்டு நிறைய வரைந்தார். வயதானவர்கள் இறக்கத்தில் நடக்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் வைக்கிறார்கள். கழுத்து சற்று முன்னே வருகிறது. கம்மல் இழுத்துக் காதுமடல் நீண்டிருக்கிறது. விரல் கணுக்கள் தடித்திருக்கின்றன. இவை எல்லாம் புறக்கோட்டிலேயே வந்துவிடுபவை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பழம் போட்டுக்கொள்ளக் கட்டிய சாக்கு என்று அவர்கள் வேலைக்கு வரும் கோலத்தை அப்படியே எடுத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. முகமே தெரியாத தூரத்தில் நிற்கும்போதும் அந்த உருவரையை வைத்து, “ஆயா அங்க நிக்குது” என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

பேனாவும் கையும்

சேலம் பக்கங்களுக்கு மைக்ரான் என்ற மெல்லிய முனை மைப்பேனா, மலைப் பக்கங்களுக்குத் தொட்டு வரையும் நிப்பும் பிரஷும். மைக்ரான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனாவில் 01 என்று போட்டிருந்தால் கோட்டின் தடிமன் 0.1 மி.மீ. அல்ல, 0.25 மி.மீ. 05 என்றால் 0.45, 08 என்றால் 0.5. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘மெல்லிசு, நடுத்தரம், தடிமன்’ என்று இந்த மூன்று பேனாவையும் எடுத்தால் அச்சில் பின்னிரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். நாங்கள் 01-ஐயும் 08-ஐயும் மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு மேலான தடிமனைப் பிரஷுக்கு விட்டோம்.

மைக்ரான் கோடு முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடிமனில் ஓடும். நகரத்துக்கு அது பொருத்தம்: பஸ், ஜன்னல், கம்பம், கடைப் பலகை. நிப்பு அழுத்தத்துக்கு விரிந்து சுருங்கும், கோட்டுக்குள்ளேயே தடிப்பும் மெலிவும் வரும். மலை தொடங்கும் இடத்தில் கருவியையே மாற்றியது ஓவியரின் யோசனை. பக்கத்தைப் புரட்டும்போது ஏதோ மாறியிருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும், என்னவென்று அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. அதோடு பக்கத்துக்குப் பக்கம் கோடுகளைக் குறைத்துக்கொண்டே போனார். பஸ் நிலையப் பக்கத்தில்தான் புத்தகத்திலேயே நெரிசல் அதிகம். 18, 19-இல் கிட்டத்தட்ட வெள்ளைத் தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென்சிலில் துல்லியமாக வரைந்து, லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் பெட்டி) வைத்து அதன் மேலேயே மை போட்டால் கோடு செத்துவிடும். கை கோட்டைத் தொடராமல் பென்சில் தடத்தைத் தொடர்வதால் நடுக்கம் வரும். ஓவியர் பென்சில் படத்தை அடியில் வைக்காமல், தலை எங்கே, பாதம் எங்கே, தரைக்கோடு எங்கே என்ற குறிகளை மட்டும் அடியில் வைத்து மையில் புதிதாக வரைந்தார். சரியாக வராத தாளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். ஒரே ஓட்டத்தில் தோளிலிருந்து வந்த கோடு உடற்கூற்றில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

பனி

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பரில் பனிமூட்டம் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கோடு என்பது விளிம்பைச் சொல்லும் கருவி. பனி விளிம்பை அழிக்கிறது. ஆகவே பனிக்கென்று ஒரு கோடு போட்டாலும் அது பனியாக நிற்காமல் வேறு பொருளாகிவிடுகிறது. பிள்ளைகள் மழை என்றது சரிதான்.

முதல் மாற்று, மையில் தண்ணீர் கலந்து வெளிறிய கோடுகளால் தூரத்து மரங்களை வரைவது. மூலத்தாளில் அது மிக அழகு. ஆனால் கோட்டோவியத்தை அச்சுக்குத் தயாரிக்கும் முறைக்கு அது ஒத்துவராது. 1,200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, சாம்பல் எதுவும் மிஞ்சாமல் தூய கருப்பு, தூய வெள்ளை என்று பிரித்து பிட்மேப்பாகச் சேமிக்கிறோம். அப்போதுதான் கோட்டின் ஓரம் கூர்மையாக விழும். வெளிறிய கோடு இந்தப் பிரிப்பில் ஒன்று அடியோடு மறைந்துவிடும், இல்லையென்றால் பிசிறு பிசிறான கருப்பாகிவிடும். சாம்பலாகவே விட்டால் அச்சில் நுண்புள்ளிகளாக உடைந்து, பக்கத்தில் உள்ள கருப்புக் கோடுகளும் மங்கலாகத் தெரியும்.

கடைசியில் பனியை வரையாமல் விட்டதுதான் வழியாயிற்று. பக்கத்தில் இருக்கும் காப்பிச் செடி தடித்த, முழுமையான கோட்டில். அதற்குப் பின்னே இருப்பது மெல்லிய கோட்டில், ஆங்காங்கே அறுந்து. இன்னும் பின்னே போனால் ஒரு மரத்துக்கு இரண்டே துண்டுக்கோடு. அதற்கப்பால் தாள். எல்லாமே நூறு சதவீதக் கருப்பு. தடிமனும் இடைவெளியும் மட்டுமே மாறுகின்றன. கோடு அறும் இடங்களை ஓவியர் கண்டபடி விடவில்லை. எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில், இடுப்பளவில் அறுந்திருக்கும். மேலே இலைக்கொத்து தெரியும், கீழே அடிமரம் தெரியும், நடுவே ஒன்றும் இல்லை. அந்த நடுவெளியை இரண்டாவது டம்மியில் பார்த்த பிள்ளைகள் கேட்காமலேயே “பனி எறங்கிருச்சு” என்றார்கள். அங்கே ஒரு கோடுகூட இல்லை.

அந்த வெள்ளைக்குள் வலது ஓரத்தில் இரண்டு வளைகோடுகள் இருக்கின்றன. கொம்புகள். எழுத்து அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

காட்டெருமை

வளர்ந்த ஆண் காட்டெருமை ஏறக்குறைய கருப்பு. ஆறடி உயரம் நிற்கும். தோளிலிருந்து நடு முதுகு வரை மேடு. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெளுத்திருக்கும். மயிர் குட்டையாக, எண்ணெய் தடவியதுபோல் படிந்திருக்கும். முதல் டம்மியின் குறுக்குக்கோடுகள் அதற்குச் சடை முளைக்கவைத்து, பிள்ளைகள் கண்ணில் கரடியாக்கிவிட்டன. கருப்பைக் கோடுகளால் சேர்ப்பதை விட்டுவிட்டு, பிரஷால் ஒரே கருப்பாக நிரப்புவது என்று முடிவாயிற்று. காலுறை வெள்ளை தாளின் வெள்ளை. முதுகு மேட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று. 24 பக்கத்தில் கருப்பு நிரம்பிய இடம் இது ஒன்றுதான் என்பதால் பக்கத்தைப் புரட்டியதும் பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள்.

இந்தக் கருப்பு அச்சகத்தில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது. பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் நிறைந்த கருப்பு விழுந்தால் அது பின்பக்கம் நிழலாடும். 20, 21-ஆம் பக்கங்களில் எருமை வருகிறது. 20-இல் அதை வைத்தால் அதன் முதுகுப் பக்கமான 19-இல், வெள்ளையாக விட்ட பனிப்பக்கத்தில், ஓர் எருமை முன்கூட்டியே சாம்பலாக நிற்கும். அதனால் எருமையை 21-க்குக் கொண்டுபோனோம். அதன் பின்பக்கம் 22, செடிகள் நெருங்கி நிற்கும் பக்கம், நிழல் தெரியாது. வலப்பக்கம் எருமை, இடப்பக்கம் ஆயாவும் சிறுமியும் என்றானதால், அவர்கள் போகும் திசையிலேயே அது வழிமறிக்கிறது. கதைக்கும் அதுவே சரி. தாளின் கனத்தையும் 90-லிருந்து 120 ஜிஎஸ்எம்முக்கு உயர்த்தினோம். இந்தச் செலவில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

எருமையும் சிறுமியும் ஒருவரையொருவர் நெருங்குவதாக ஒரு படம் வேண்டும், அதுதான் மனதைத் தொடும் என்று நண்பர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். மறுத்தோம். இந்தப் புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் நிஜமாகவே காட்டெருமையைப் பார்ப்பவர்கள். அதை நெருங்கலாம் என்று ஒரு படம் சொல்லக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிறைய வெள்ளை இருக்கிறது. ஆயாவின் கை சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. “அசையாம நில்லு கண்ணு. அது வழி அதுக்கு” என்பது மட்டும்தான் அந்தப் பக்கத்தின் எழுத்து.

காப்பி, மிளகு

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது. தலைமுறை தலைமுறையாக அதைத் தொட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தவறாக வரைந்த காப்பிச் செடியைக் காட்ட முடியாது. டம்மியில் பழங்கள் நீண்ட காம்பில் தொங்கின. “இது காப்பி இல்லக்கா” என்று உடனே சொல்லிவிட்டார்கள். ஒரு சிறுமி வெளியே ஓடிப்போய்க் கிளை ஒன்றை ஒடித்துவந்து மேசையில் வைத்தாள்.

அந்தக் கிளை படத்தையே மாற்றியது. இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக வருகின்றன. ஓரம் மெல்ல அலைகிறது. பழங்கள் காம்பு தெரியாமல் கணுவை ஒட்டி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கணுவில் பச்சையும் பழமும் கலந்திருக்கின்றன. கோட்டோவியருக்கு இது ஒரு வரம், ஏனென்றால் இதில் தாளம் இருக்கிறது: ஒரு நீண்ட கோடு, கணு, இரண்டு அலை இலை, ஒரு கொத்து வட்டம், மறுபடி நீண்ட கோடு. ஓவியர் இந்தத் தாளத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்ட பிறகு செடிகள் தாமாக வளர்ந்தன.

நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அடிமரத்துக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டு, மேலே கொடியையும் வரைந்தால் எல்லாம் பின்னிக்கொண்டது. அடிமரத்தின் கோட்டையே நீக்கிவிட்டு, இதய வடிவ மிளகிலைகளை மட்டும் மேலே மேலே அடுக்கினார். இலைகள் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளையே மரமாகிவிட்டது.

பறிப்பில் பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும், பச்சையை விட்டுவிட வேண்டும். கருப்புக் கோட்டில் இரண்டுமே வட்டம். சிவப்பு புத்தகத்துக்குள் வந்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், வேறெதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை. இங்கும் அச்சகம் ஒரு வழி காட்டியது. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கத் தொகுதி ஒரு ஃபாரம், ஆக 24 பக்கம் என்பது ஒன்றரை ஃபாரம். சென்டர் பின், அதாவது நடுமடிப்பில் பின், அடிக்கும் புத்தகத்தில் 16 பக்க ஃபாரம் வெளியே அமைந்து 1 முதல் 8, 17 முதல் 24 வரை சுமக்கும். உள்ளே செருகும் 8 பக்கத்தில் 9 முதல் 16 வரை வரும். சிவப்பை வெளி ஃபாரத்தில் மட்டும் வைத்தால் உள் ஃபாரத்தை ஒற்றை நிறத்தில் ஓட்டிச் செலவைக் குறைக்கலாம். ஆனால் தோட்டக் காட்சி 16, 17-இல் விரிகிறது. 16-இல் சிவப்பு வைக்க முடியாது. அப்படியானால் 16-இல் இருக்கும் செடிகள் எல்லாம் காய், 17-இல் பழம் என்று ஓவியர் மாற்றினார். சிறுமி 16-இல் கையை நீட்டுகிறாள், ஆயா வேண்டாம் என்று தலையசைக்கிறாள். 17-இல் பறிக்கிறார்கள். பறிப்பின் விதியை எழுத்தே இல்லாமல் சொல்லிவிட்டது அந்த மாற்றம்.

சிவப்புக்குத் தனி பிளேட். இரண்டு நிறமும் இம்மி பிசகாமல் பொருந்தும் என்று நம்பிச் சிவப்பைக் கோட்டின் உள்விளிம்போடு நிறுத்தினால், தாள் சற்று நகர்ந்தாலும் வெள்ளைப் பிறை தெரியும். சிவப்பைக் கருப்புக் கோட்டின் அடியில் பாதி வரை நீட்டி, பழத்தின் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கினோம்.

மலைச்சாலை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதை ஒரே கோட்டில், பேனாவை எடுக்காமல், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைய வேண்டும் என்பது ஓவியரின் ஆசை. பொதுவாக எதிரெதிர்ப் பக்கங்களைத் தாண்டும் கோடு ஆபத்தானது. இரண்டு பக்கமும் தாளின் வெவ்வேறு இடத்தில் அச்சாகி, மடித்து, வெட்டிச் சேர்க்கும்போது ஒரு மி.மீ. விலகினாலும் கோடு படிபோல முறியும். சென்டர் பின் புத்தகத்தில் நடுப்பக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே இரண்டு பக்கமும் ஒரே தாளில் ஒட்டினாற்போல இருக்கும், 24 பக்கப் புத்தகத்தில் அது 12, 13. கதையைச் சேலம் பாதி, மலை பாதி என்று பிரித்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

புத்தகத்தின் அளவு கிரவுன் நாலில் ஒன்று, வெட்டிய பிறகு 7.25 x 9.5 அங்குலம். இரண்டு பக்கம் சேர்ந்தாலும் வெட்டுவதற்காக விடும் 3 மி.மீ. ஓர விடுப்போடு ஏ3 தாளில் அடங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் அச்சாகும் அளவிலேயே வரைந்தார். பெரிதாக வரைந்து சுருக்கினால் கோடுகளும் சேர்ந்து மெலிந்துபோகும்.

20 வளைவுகளும் படத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் எண்ணுவார்கள் என்று தெரியும், எண்ணவும் எண்ணினார்கள். வளைவு குறைந்திருந்தால் புத்தகத்தின் மேல் நம்பிக்கை போயிருக்கும். பஸ் கட்டைவிரல் நகமளவுதான்.

எழுத்துக்கு இடம்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘காட்டெருமையைப் பார்த்துக்கொண்டே’ என்பதை 20 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் வைத்தால் பக்க அகலத்தில் பெரும்பகுதி போய்விடும். சொல்லை உடைத்து அடுத்த வரியில் போட்டால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை திணறும். ஓவியர் வரைவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தின் இடத்தைக் கோடிட்டுக் கொடுத்தோம். எழுத்தும் படமும் எங்கேயும் ஒன்றன்மேல் ஒன்று வரவில்லை.

அச்சான பிறகு

புத்தகம் வந்ததும் நூலகத்தில் பிள்ளைகளே படித்தார்கள். சாலைப் பக்கத்தில் விரல் வைத்து ஓட்டியவர்கள் நடுமடிப்பைத் தாண்டும்போது நிற்கவில்லை. 18-க்குத் திருப்பியதும் கொம்பைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சில பேர் மிளகு மரத்தை நோட்டில் வரைந்து பார்த்தார்கள், அதுவும் அடிமரத்துக் கோடு இல்லாமல்.

சரிசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எருமையின் கண்ணைச் சுற்றிக் கருப்புக்குள் ஒரு மெல்லிய வெள்ளை வளையம் விட்டிருந்தோம். மேப்லித்தோவில் மை சற்றுப் பரவும் என்பதால் கருப்புக் கோடுகளின் தடிமனைக் கணக்கிட்டே வரைந்திருந்தார். ஆனால் பரவும் மை கருப்புக்குள் இருக்கும் வெள்ளையைத் தின்றுவிடும். சில பிரதிகளில் வளையம் பாதி மூடிக்கொண்டது, எருமை கண்ணை மூடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. தூங்குகிறதா, பார்க்கிறதா என்று இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் விவாதித்தார்கள். பார்க்கிறது என்பதுதான் கதை. அடுத்த அச்சுக்காக வளையத்தை 0.6 மி.மீ. தடிமனாக்கி, 21-ஆம் பக்கத்தின் கோப்பை மட்டும் மாற்றி அச்சகத்திடம் கொடுத்திருக்கிறோம்.